கருவுற்ற மகளிர்க்குக் கேளா ஒலிச் சோதனை: நோக்கமும் எல்லையும்

தோற்றுவாய்

தாயின் வயிற்றில் வளரும் கருவைப் பற்றி நம் முன்னோர் நெடுங்காலமாகவே ஆழ்ந்து எண்ணியுள்ளனர். புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், மக்கட் பிறப்பில் நேரக்கூடிய குறைகளை எட்டு வகையாக எண்ணிக் காட்டுகிறார். திருமூலர் தம் திருமந்திரத்தில் கருவின் தோற்றத்திற்கெனத் தனிப்பகுதியே வகுத்துள்ளார். மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், கருவில் உள்ள உயிர் மாதந்தோறும் எத்தனை இடர்களுக்குத் தப்பி வெளிவருகிறது என்பதை அடுக்கிச் சொல்கிறார். திருக்குர்ஆனின் ‘அல்முஃமினூன்’ அத்தியாயமும் துளி நிலை தொடங்கி, எலும்பும் அதன்மேற் தசையும் அமையும் நிலை வரை மனிதப் படைப்பின் படிகளை எடுத்துரைத்து, மனிதனைச் சிந்திக்கச் செய்கிறது.

இவ்வாறு சிந்தித்த பெருமக்கள் காலத்தில், கருப்பையினுள் உயிரோடு இருக்கும் சிசுவைக் கண்ணாற் காணும் வாய்ப்பு எவர்க்கும் இருந்ததில்லை. அவ்வாய்ப்பு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் மனித குலத்திற்குக் கிட்டியது. இன்று ‘ஸ்கேன் எடுத்தாயிற்றா?’ என்னும் வினா எழாத வீடு நம் ஊர்களில் இல்லை. ஆயினும், அது எதற்காக எடுக்கப்பெறுகிறது என்று கேட்டால், ‘பிள்ளை நன்றாயிருக்கிறதா என்று பார்க்க’ என்னும் ஒற்றை விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. சிலர் உள்ளத்திலோ, வாய்விட்டுச் சொல்லாத வேறொரு வினா ஒளிந்து கிடக்கிறது: ஆணா, பெண்ணா என்பதே அது. மூத்தோர் சிலர்க்கு, இறைவன் மறைத்து வைத்ததை நாம் அறிய முயல்வது தகுமா என்னும் தயக்கமும் உண்டு. எனவே, இச்சோதனையின் நோக்கம் யாது, அதனால் இயலாதது யாது, எதற்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்னும் மூன்றினையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பெயரும் பிறப்பும்

மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை உள்ள ஒலியையே கேட்க வல்லது. அதற்கு மேற்பட்ட அதிர்வுடைய ஒலியைக் கேளா ஒலி என்றும் மீயொலி என்றும் தமிழில் வழங்குவர். கருப்பைச் சோதனையில் பயன்படும் ஒலி நொடிக்குப் பல இலட்சம் அதிர்வுகள் கொண்டது. ‘ஸ்கேன்’ என்னும் சொல் மக்கள் நாவில் நிலைபெற்றுவிட்டமையால், அதனையும் இங்கு ஆள்வோம்.

வௌவால் இருளில் பறப்பது கண்ணால் அன்று, செவியால் என்னும் உண்மையை 1794-இல் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி தம் ஆய்வுகளால் உணர்த்தினார். 1880-இல் பியேர் கியூரி, ஜாக் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவர், சிலவகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னாற்றல் தோன்றுவதைக் கண்டறிந்தனர். அத்தகைய படிகத்தில் மின்னாற்றலைச் செலுத்தினால் அஃது அதிர்ந்து ஒலியை எழுப்பும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. முதல் உலகப் போரின்போது, கடலடியில் மறைந்துவரும் நீர்மூழ்கிக் கப்பலை எதிரொலியால் கண்டறிய லாஞ்செவின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வுண்மையைப் பயன்கொண்டார்.

போருக்குப் பிறந்த இவ்வறிவைத் தாய்மார்க்கு உதவச் செய்தவர் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு ஆவார். கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில், இரும்பினுள் வெடிப்பு உண்டா என்று ஒலியால் ஆராயும் கருவி ஒன்று இருந்தது. 1955-இல் அவர், அறுவையில் அகற்றப்பெற்ற கட்டிகளை அத்தொழிற்சாலைக்கே எடுத்துச் சென்று அக்கருவியால் சோதித்தார். நீர்க்கட்டியும் தசைக்கட்டியும் வெவ்வேறான எதிரொலி தருவதைக் கண்டார். பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விகர் ஆகிய இருவருடன் அவர் எழுதிய ஆய்வுரை 1958-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. வயிற்றுப் புற்றுநோயென்று கைவிடும் நிலையில் இருந்த பெண்ணொருவருக்கு உள்ளது அகற்றத்தக்க நீர்க்கட்டியே என்று இச்சோதனை காட்டியது. அறுவை செய்யப்பெற்று அவர் பிழைத்தார்.

இக்கண்டுபிடிப்பு உரிய காலத்தில் வந்தது என்றே சொல்லவேண்டும். அதுவரை கருவின் நிலையறிய எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் வழக்கம் இருந்தது. 1956-இல் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், கருவிலிருக்கும்போது எக்ஸ் கதிர் பட்ட குழந்தைகளிடையே புற்றுநோய் மிகுதியாகக் காணப்பெறுவதை எடுத்துக்காட்டினார். கேளா ஒலி எக்ஸ் கதிர் போன்றதன்று; அது வெறும் அதிர்வே. ஆதலின் மகப்பேற்று மருத்துவத்தில் அது எக்ஸ் கதிரின் இடத்தைப் பெற்றது.

ஒலி காட்டும் உருவம்

மலையடிவாரத்தில் நின்று கூவினால் எதிரொலி திரும்பி வருகிறது. அது வரும் நேரத்தைக் கொண்டு மலையின் தொலைவைக் கணக்கிடலாம். சோதனைக் கருவியின் செயலும் இதுவே. உடலின் மென்தசையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் விரைவிற் செல்கிறது. தாயின் வயிற்றின்மேல் வைக்கப்பெறும் சிறு கருவி ஒலித்துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பும் நேரத்தையும் வலிமையையும் அளக்கிறது. எலும்பு வலிய எதிரொலி தருவதால் வெண்மையாகவும், பனிக்குட நீர் எதிரொலி தராமையால் கருமையாகவும் திரையில் தோன்றும். வயிற்றின்மேல் பசை போன்ற ஒன்றைத் தடவுவது ஏன் என்று பலர் வினவுவர். கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று நின்றால் ஒலி உள்ளே புகாது திரும்பிவிடும். அக்காற்றை நீக்கவே அப்பசை.

மூன்று பருவம், மூன்று நோக்கம்

கருக்காலத்தை மும்மூன்று மாதங்களாக மூன்று பருவமெனப் பகுப்பர். ஒவ்வொரு பருவத்திலும் சோதனையின் நோக்கம் வேறுபடும்.

முதற் பருவத்தில் அறியவேண்டியது கரு எங்கே தங்கியுள்ளது என்பதே. நூறு கருத்தரிப்பில் ஒன்றோ இரண்டோ கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுவதுண்டு. அக்குழாய் வெடித்தால் உட்குருதிப்போக்கால் தாயின் உயிர்க்கே இறுதி நேரலாம். முன்னரே கண்டறிந்தால் காக்கலாம். அடுத்து, கருவுக்கு உயிர்த்துடிப்பு உண்டா என்பதும், கரு ஒன்றா இரண்டா என்பதும் அறியப்பெறும். ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் இதயத் துடிப்பைக் காணலாம். இரட்டையராயின், இருவர்க்கும் நஞ்சு தனித்தனியா, ஒன்றே பொதுவா என்பதை இப்பருவத்திலேதான் தெளிவாகக் காணவியலும். ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையருள் ஒருவரின் குருதி மற்றவரிடம் மிகுந்து செல்லும் இடர் உண்டாதலின், அவர்களை அடிக்கடி சோதிக்கவேண்டும்.

கருவின் அகவையைத் துணிவது இப்பருவத்தின் மற்றொரு பயன். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எனக் கணக்கிடுவது மருத்துவ மரபு. 28 நாள் கொண்ட மாதம் பத்து என்றால் அது 280 ஆகும். ‘பத்து மாதம் சுமந்தாள்’ என்னும் தமிழ் வழக்கும் இதனோடு பொருந்துகிறது. நம் இல்லங்களில் மூதாட்டியர் பிறைக் கணக்கில் மாதம் எண்ணுவர். ஒன்பது பிறை மாதத்திற்கும் ஒன்பது ஆங்கில மாதத்திற்கும் இடையே ஏறத்தாழ எட்டு நாள் வேறுபாடு உண்டு. நாளை மறந்தோரும், மாதவிலக்கு ஒழுங்காக வாராதோரும் பலர். இந்நிலையில் சிசுவின் தலை முதல் இடுப்பு வரை உள்ள நீளத்தை முதற் பருவத்தில் அளந்தால், ஏறத்தாழ ஒரு வாரத்திற்குட்பட்ட பிழையோடு அகவையைக் கூறிவிடலாம். கடைசிப் பருவத்திலோ அப்பிழை மூன்று வாரம் வரை செல்லும். ஏனெனில் முதலில் எல்லாச் சிசுக்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வளர்கின்றன. பின்னர் ஒவ்வொன்றும் தன்தன் போக்கில் பருத்தும் மெலிந்தும் வளர்கிறது. எனவே, பிந்திய சோதனை வேறு நாளைக் காட்டினால் திகைக்க வேண்டுவதில்லை. முதற் சோதனை காட்டிய நாளே கொள்ளத்தக்கது. அச்சீட்டைப் பேணி வைத்தல் இன்றியமையாதது.

11-ஆம் வாரம் முதல் 14-ஆம் வாரத்திற்குள், சிசுவின் பிடரியில் தோலுக்கடியில் உள்ள நீரின் தடிப்பும் அளக்கப்பெறும். அது மிகுந்திருப்பின் மரபுக்கூற்றுக் குறையோ இதயக் குறையோ இருக்கலாம் என்னும் ஐயம் எழும். இஃது ஐயமே அன்றி முடிபன்று.

இரண்டாம் பருவத்தில், 18 முதல் 20 வாரம் வரை செய்யப்பெறுவது உறுப்பமைவுச் சோதனை. மண்டையோடு, மூளை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், வயிற்றுச் சுவர், சிறுநீரகம், கைகால் என ஒவ்வோர் உறுப்பாகக் காண்பர். சாத்தனார் எட்டென எண்ணிய குறைகளுட் சிலவற்றைப் பிறப்பதற்கு முன்பே இங்குக் காண இயல்கிறது. நஞ்சு கருப்பை வாயை மூடிக் கிடக்கிறதா என்பதும் அறியப்பெறும். இப்பருவத்தில் தாழ்ந்திருக்கும் நஞ்சு, கருப்பை விரியுந்தோறும் பெரும்பாலும் மேலே விலகிவிடும்; விலகாதார்க்கு மட்டுமே அறுவை வேண்டியதாகும். முன்கூட்டியே தெரிந்திருந்தால், குருதியும் மருத்துவரும் ஆயத்தமாக உள்ள மருத்துவமனையில் அத்தாய் சேர்க்கப்பெறுவாள். தெரியாதிருந்தால், நள்ளிரவில் திடீரெனக் குருதி பெருக, வண்டி தேடி அலையும் நிலை வரும்.

மூன்றாம் பருவத்தில், சிசு ஒழுங்காக வளர்கிறதா, பனிக்குட நீர் போதுமா, தலை கீழ் நோக்கியுள்ளதா, நஞ்சு எங்கே உள்ளது என்பன காணப்பெறும். வளர்ச்சி குன்றிய சிசுவுக்குத் தொப்புள்கொடியிற் குருதி ஓடும் வேகத்தையும் அளப்பர். 1842-இல் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் கண்ட நெறியே இதற்கு அடிப்படை.

இத்தனை பயனும் கருதியே உலக நலவாழ்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட நெறிமுறையில், கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் 24 வாரத்திற்குள் ஒருமுறையேனும் இச்சோதனை செய்யப்பெறுதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

சோதனையின் எல்லை

கருவி காட்டுவது உருவத்தை. இயக்கம் முழுவதையும் அன்று. செவி கேட்குமா, கண் காணுமா, அறிவு வளருமா என்பவற்றை அது சொல்லாது. மண்டையோடு அமையாமை போன்ற பெருங்குறை ஏறத்தாழத் தப்பாது தெரியும். இதயத்திலுள்ள சிறு துளை தெரியாது போகலாம். தாயின் உடற்பருமன், சிசு கிடக்கும் நிலை, கருவியின் தரம், காண்பவரின் பயிற்சி ஆகியவற்றைப் பொறுத்தே முடிபு அமையும். ‘எல்லாம் நன்று’ என்னும் சீட்டு, கண்டவரை நன்று என்றே பொருள்படும். இதனை உணராமல், குறையுடன் குழந்தை பிறந்தபின் மருத்துவரைப் பழிப்பாரும், தாயைப் பழிப்பாரும் உளர்.

1993-இல் அமெரிக்காவில் 15,151 தாய்மாரிடம் நடத்தப்பெற்ற பேராய்வு ஒன்று வெளிவந்தது. இடர் ஏதுமற்ற தாய்மார்க்கு எல்லாம் வழக்கமாகச் சோதனை செய்ததனால் மட்டும், குழந்தைகளின் இறப்போ பெருந்தீங்கோ குறையவில்லை என்பதே அதன் முடிபு. இதனால் சோதனை வீண் என்பது கருத்தன்று. கண்டறிந்தபின் செய்யவேண்டியதைச் செய்தால்தான் பயன் என்பதே கருத்து. நோயை நாடி, அதன் காரணத்தை நாடி, அதன்பின் தணிக்கும் வழியை நாடச் சொன்ன வள்ளுவர் நெறியும் இதுவே. குருதியழுத்தம், குருதியின் சிவப்பணுச் சத்து, சர்க்கரை, சிறுநீர் ஆகியவற்றின் சோதனைகளை விடுத்து, ஸ்கேன் ஒன்றையே நம்புதல் பேதைமை. குருதியழுத்தம் ஏறியதை எந்தப் படமும் நேரே காட்டாது. கையிற் கட்டும் பட்டையே காட்டும்.

நெருங்கிய உறவில் மணம் புரிந்தோர் அதனை மருத்துவரிடம் மறையாது சொல்லவேண்டும். அவர்தம் பிள்ளைகட்குப் பிறவிக்குறை நேரும் வாய்ப்பு சற்று மிகுதி. முன்பு குறையுள்ள பிள்ளை பிறந்திருப்பின் அதனையும் கூறுதல் வேண்டும். முதுகெலும்புக் குறை பெருமளவு நேராமல் தடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே உண்பது நன்று. படம் எடுத்துக் குறையைக் காண்பதினும் குறை வாராது காப்பது மேலன்றோ?

இச்சோதனையால் தாய்க்கோ சேய்க்கோ தீங்கு நேர்ந்ததாக இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் உறுதிப்படவில்லை. எனினும் வேண்டிய அளவே, வேண்டிய காரணத்திற்கே செய்தல் வேண்டும் என்பது மருத்துவ உலகின் நெறி.

மார்க்கம் சார்ந்த ஐயங்கள்

கருவறைகளில் உள்ளதை இறைவனே அறிவான் என்னும் கருத்து திருக்குர்ஆனின் ‘லுக்மான்’ அத்தியாயத்தில் வருகிறது. அதனைக் கொண்டு இச்சோதனை தகாது என்பாருக்கு ஒன்று சொல்வோம். கருவியின் துணைகொண்டு, காலம் கடந்து, பிழைக்கும் இடமளித்து நாம் அறிவது, உருவாகிவிட்ட ஒன்றின் நிழலை. அவ்வுயிரின் வாழ்நாள், பண்பு, பேறு, முடிவு ஆகிய எதனையும் எக்கருவியும் காட்டியதில்லை, காட்டப்போவதும் இல்லை. இறையறிவின் பரப்பு எங்கே, இத்திரையின் பரப்பு எங்கே! ஆதலின் மருத்துவத்தின் பொருட்டுக் காண்பது இறையறிவோடு போட்டியிடுவதாகாது.

நாணம் பற்றிய தயக்கமும் நியாயமானதே. பெண் மருத்துவர் உள்ள இடத்தை நாடலாம். இல்லையெனில், உடன் ஒரு பெண் இருக்குமாறு கேட்டுக்கொள்ளலாம். இதன் பொருட்டுச் சோதனையையே தவிர்த்தல் தாயின் உயிரோடு விளையாடுவதாகும்.

வாழவியலாத பெருங்குறை காணப்பெற்றால் செய்வது யாது என்பது கனத்த வினா. நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமும் 2021-இல் அதற்குச் செய்யப்பெற்ற திருத்தமும், குறிப்பிட்ட நிலைகளில் 24 வாரம் வரையிலும், பெருங்குறையுள்ள கருவாயின் மருத்துவக் குழுவின் முடிபின்படி அதற்குப் பின்னும் இசைவு தருகின்றன. மார்க்க நெறியிலோ 120 நாள் என்னும் எல்லை முதன்மையாகப் பேசப்படுகிறது. 1990-இல் மக்காவில் கூடிய இஸ்லாமியச் சட்டவியல் அவை, தீராப் பெருங்குறையென நம்பத்தகுந்த மருத்துவர் குழு உறுதி செய்து, பெற்றோரும் வேண்டினால், 120 நாளுக்கு முன் அதற்கு இடமுண்டெனத் தீர்மானித்தது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அவ்வவை 120 நாளை எண்ணுவது கரு உண்டான நாளிலிருந்து. மருத்துவர் வாரம் எண்ணுவது மாதவிலக்கு நாளிலிருந்து. இரண்டிற்கும் இரு வாரம் வேறுபாடு. எனவே 120 நாள் என்பது மருத்துவக் கணக்கில் 19 வாரம் கடந்த நிலை. இருபதாம் வாரத்தில் முதன்முறையாகச் சோதனைக்கு வருவோர்க்கு, ஆலிமிடம் கேட்டுத் தெளியவும் அவகாசம் இராது. உரிய காலத்தில் வருவோர்க்கே சிந்திக்க நேரம் கிட்டும். அதிலும் குறை காணப்பெற்றோர் பலர்க்கு வேண்டுவது கலைப்பன்று. பிறந்தவுடன் அறுவை செய்யவல்ல மருத்துவமனையில் மகப்பேறு நிகழ ஏற்பாடு செய்தலே.

ஆணா, பெண்ணா?

இனி, மறைந்து கிடக்கும் வினாவுக்கு வருவோம். கருவில் இருப்பது பெண் என்றறிந்து அழிக்கும் கொடுமை பெருகியதால், 1994-இல் இயற்றப்பெற்ற சட்டம் 1996 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் அது மேலும் கடுமையாக்கப்பெற்றது. கருவின் பாலைச் சொல்லுதலும் குற்றம்; சைகையால் உணர்த்துதலும் குற்றம்; கேட்டலும் குற்றம். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கருவுற்ற பெண், கணவனாலோ உறவினராலோ வற்புறுத்தப்பெற்றாள் என்றே சட்டம் முதலிற் கொள்ளும் என்பது நாம் கருதத்தக்கது. பால் கூறப்படமாட்டாது என்னும் அறிவிப்புப் பலகை ஒவ்வொரு சோதனை நிலையத்திலும் தொங்குகிறது. அது நம்மை நோக்கியே தொங்குகிறது என்பதை மறக்கலாகாது.

ஆறு வயதிற்குட்பட்டோருள் ஆயிரம் ஆண் குழந்தைகட்கு இந்திய நாட்டில் 1991-இல் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001-இல் 927 ஆயினர். 2011-இல் 920-க்கும் கீழே சென்றனர். தமிழ்நாட்டிலும் பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற வேண்டிய நிலை இருந்தது. அரபு நாட்டில் உயிரோடு புதைக்கப்பெற்ற பெண்மகவு, எக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாள் என்று மறுமையில் வினவப்படும் என ‘அத்தக்வீர்’ அத்தியாயம் எச்சரிக்கிறது. மணலிற் புதைத்தால் என்ன, கருவிலேயே அழித்தால் என்ன? அவ்வினா ஒன்றே. கருவியின் நுட்பம் வளர்ந்ததால் குற்றத்தின் கனம் குறைந்துவிடாது.

பெண்ணையே பெறுகிறாள் என்று மருமகளைத் தூற்றுவோர் அறிவியலையும் அறியாதவர். பிள்ளை ஆணாவதும் பெண்ணாவதும் தந்தையின் விந்தணு தரும் மரபுக்கூற்றாலேயே அமைகிறது. தாயிடம் அதில் தேர்வு இல்லை. தந்தையிடமும் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் இல்லை.

நிறைவுரை

கேளா ஒலிச் சோதனையின் நோக்கம் தாயைக் காத்தலும் சேயைக் காத்தலுமே. அந்நோக்கிற்கு வெளியே அதனைப் பயன்படுத்துவோர், விளக்கை ஏந்திக் கிணற்றில் விழுவோரை ஒப்பர். நம் ஜமாஅத்துப் பெரியோர்கட்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது: திருமணப் பதிவின்போதும் மகளிர் பயான் கூட்டங்களிலும் இச்செய்திகளை எடுத்துரைக்க ஏற்பாடு செய்யுங்கள். பொருளில்லாமையால் எவரும் சோதனையின்றி இருத்தலாகாது. அரசு மருத்துவமனைகள் உள்ளன. 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாளில் கருவுற்ற மகளிர்க்குக் கட்டணமின்றிச் சோதனை செய்யும் நடுவணரசுத் திட்டமும் உள்ளது.

மாணவ மணிகளே! நாளை நீங்கள் தாயாகவும் தந்தையாகவும் அச்சோதனை அறையின் வாயிலில் நிற்பீர்கள். அன்று, எத்தனை வாரம், நஞ்சு எங்குள்ளது, வளர்ச்சி எவ்வாறு, மீண்டும் எப்போது வரவேண்டும் என்னும் நான்கையும் கேளுங்கள். ஐந்தாவதாக ஒன்றைக் கேளாதிருங்கள். கேளா ஒலிக்கு அதுவே நாம் செய்யும் மதிப்பு; கருவிலிருக்கும் உயிர்க்கு அதுவே நாம் அளிக்கும் முதல் அடைக்கலம்.